சின்ன லேப்டாப்புக்கு மறுவாழ்வு: 2 ஜிபி ராம், 32 ஜிபி ஸ்டோரேஜை வச்சு என்ன செய்யலாம்?

[திரையில்: மேஜை மேல கவிழ்த்து வச்ச 11.6 இன்ச் லேப்டாப். பக்கத்துல சின்ன ஸ்க்ரூ டிரைவர்.]

கடலூர்லயோ பாண்டிச்சேரிலயோ பழைய லேப்டாப் கடைக்குப் போனா, ஒரு மூலைல இந்த மாதிரி சின்ன லேப்டாப் நாலஞ்சு அடுக்கி வச்சிருப்பாங்க. எடை ஒன்னேகால் கிலோகூட வராது. பஸ்ல மடியில வச்சுக்கலாம், முதுநகர் துறைமுகத்துல ஏலக் கணக்கு போடுறதுக்கும் தாராளமா போதும். விலையும் கம்மி. ஆனா எதை எடுக்கணும்னு ஒரே ஒரு விஷயம்தான் முடிவு பண்ணும்: உள்ள ஸ்டோரேஜை மாத்த முடியுமா, முடியாதா?

போர்டுலயே பற்றவச்ச இஎம்எம்சி (ஸ்டோரேஜ் சில்லு) இருந்தா அதை மாத்தவே முடியாது. தனியா 2.5 இன்ச் டிஸ்க் இருந்தா அதைக் கழட்டிட்டு வேகமான எஸ்எஸ்டி போட்டுக்கலாம். கழட்டாமலே கண்டுபிடிக்கலாம். லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலா போடுற இலவச இயங்குதளம்) பென்டிரைவ்ல பூட் பண்ணி டிஸ்க் பேரைப் பாருங்க. ‘எம்எம்சி’னு ஆரம்பிச்சா பெரும்பாலும் பற்றவச்சது, ‘எஸ்டி’னு ஆரம்பிச்சா பெரும்பாலும் தனி டிஸ்க். ‘எஸ்டி’ வரிசைல உங்க பென்டிரைவும் வரும், அதனால அளவையும் சேர்த்துப் பாருங்க.

[திரையில்: கமாண்ட் ஓடுது. டிஸ்க் பேர் வட்டமிட்டுக் காட்டப்படுது.]

இஎம்எம்சி மெஷின்ல விண்டோஸ் ஏன் திணறுது? 32 ஜிபினு ஒட்டியிருந்தாலும் திரையில 29 ஜிபிதான் காட்டும். 2019ல வந்த விண்டோஸ் 10 பதிப்புல இருந்து, புது இன்ஸ்டால்ல அப்டேட்டுக்குன்னு சுமார் 7 ஜிபியை ஒதுக்கி வச்சுக்குது. மிச்சத்துல விண்டோஸ் உட்கார்ந்ததும் உங்களுக்கு இடமே இல்ல. அப்டேட் பாதில நின்னு, மறுநாள் திரும்ப முதல்ல இருந்து டவுன்லோட் ஆகும். அதோட விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. 11க்கு குறைஞ்சது 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும் வேணும். அதனால லினக்ஸ்தான்.

இங்கதான் பலரும் மாட்டிக்கிறது. ஆட்டம் இசட்3735எஃப் மாதிரி பிராசசர் 64 பிட்டு. ஆனா அதோட வர்ற யுஇஎஃப்ஐ, அதாவது மெஷினை முதல்ல எழுப்பிவிடுற மென்பொருள், பல மெஷின்ல 32 பிட்டு. அப்போ சில லினக்ஸ் பென்டிரைவைச் செருகினா, பூட் மெனுவுல அது கண்ணுக்கே தெரியாது. பென்டிரைவ் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு நாலு தடவை எழுதிப் பார்ப்பாங்க. பென்டிரைவ் மேல தப்பில்ல, 32 பிட் பூட் ஃபைல் அதுல இல்ல, அவ்வளவுதான். டெபியன் 12ங்கிற லினக்ஸ் வகையோட இன்ஸ்டாலர்ல அந்த ஃபைல் இருக்கு. வைஃபை ஃபர்ம்வேரும் சேர்ந்தே வருது, அதனால நெட்டுக்குத் தனியா அலைய வேண்டாம். 8 ஜிபி பென்டிரைவ் போதும்.

இன்ஸ்டால் பண்றப்ப டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ-யை மட்டும் டிக் பண்ணுங்க. டிஸ்க் பிரிக்கிற இடத்துல ‘மேனுவல்’ எடுத்து, ஸ்வாப் பார்ட்டிஷன் (ராம் நிறைஞ்சா டிஸ்க்ல பயன்படுத்துற இடம்) போடாம விடுங்க. ஸ்வாப் இல்லையேன்னு ஒரு எச்சரிக்கை வரும், தாண்டிப் போங்க. இஎம்எம்சி மேல ஸ்வாப் ஓடினா மெஷின் ஊர்ந்து போகும், சில்லும் சீக்கிரம் தேயும். அதுக்குப் பதிலா ‘இசட்ராம் டூல்ஸ்’ போட்டு, அளவை 50 சதவீதம்னு வச்சிடுங்க. ராம்லயே ஒரு பகுதியை அழுத்திச் சுருக்கி ஸ்வாப்பா பயன்படுத்தும். 2 ஜிபி மெஷின்ல நாலஞ்சு டேப் திறந்தாலும் உறையாம ஓடும். பதினஞ்சு டேப்புக்கு ஆசைப்படாதீங்க.

[திரையில்: அமைப்பு ஜன்னல். ‘ஓகே’ பட்டன் திரைக்குக் கீழ ஒளிஞ்சிருக்கு.]

இன்னும் பழைய 10 இன்ச் மெஷின்னா திரை 1024க்கு 600தான். சில ஜன்னல்ல ‘ஓகே’ பட்டன் கீழ போய் மறைஞ்சிடும். ஆல்ட்டை அழுத்திக்கிட்டே ஜன்னலை எங்க வேணா பிடிச்சு மேல இழுங்க, பட்டன் வெளிய வரும். பேனல் பட்டையை இடது ஓரத்துல நெட்டா நிறுத்திட்டா உயரமும் மிச்சம்.

தமிழ்ல தட்டச்சு பண்ண ‘ஐபஸ்’ஸும் அதோட ‘எம்17என்’ பேக்கேஜும் போட்டு, லாக்-அவுட் பண்ணி உள்ள வாங்க. தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்க. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆன்னு நாலே தட்டு. புள்ளி தானா விழும்.

இப்ப தனி டிஸ்க் இருக்கிற மெஷின். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன்தான் வாங்கணும். ராம்லதான் கவனம் வேணும்: டிடிஆர்3ம் டிடிஆர்3எல்லும் பார்க்க ஒரே மாதிரி, ஸ்லாட்லயும் சிக்கல் இல்லாம உட்காரும். ஆனா முதல்து 1.5 வோல்ட், ரெண்டாவது 1.35. செலரான் என்2840 மாதிரி பிராசசர் 1.35 மட்டும்தான் ஏத்துக்கும். தப்பா போட்டா லைட் எரியும், திரை கருப்பாவே நிக்கும். ஸ்டிக்கர்ல ‘பிசி3’க்குப் பக்கத்துல ‘எல்’ இருக்கான்னு பார்த்துட்டு காசு கொடுங்க.

[திரையில்: ராமோட தங்க நிற முனைகள், மிக அருகில். ஓரத்துல மங்கின கறை.]

நம்ம கடலோரத்துக்குன்னு ஒரு தனி வியாதி: உப்புக்காத்து. இந்தக் கறையைப் பாருங்க. நல்லா இருந்த மெஷின் திடீர்னு ஆன் ஆகலைன்னா, போர்டு போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி சார்ஜரையும் பேட்டரியையும் கழட்டி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்துங்க. ராமை உருவி, பென்சில் ரப்பரால முனையை மெதுவா தேய்ச்சு, தூளை ஊதிட்டுத் திரும்பப் போடுங்க. யுஎஸ்பி துளைல பச்சை பூத்திருந்தா, ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ல தொட்டுத் துடைச்சு, நல்லா காய்ஞ்சப்புறம்தான் கரண்ட் கொடுக்கணும்.

கடைசியா பேட்டரி. கடைக்காரர் காட்டுற நூறு சதவீதத்தை நம்பாதீங்க, அது இப்போதைய கொள்ளளவுல நூறு. பவர் மேனேஜர்ல ரெண்டு எண் இருக்கும்: புதுசா இருந்தப்ப எவ்வளவு, இப்ப எவ்வளவு. 24 வாட்-அவர் 13 ஆயிருச்சுன்னா, பாதிதான் மிச்சம். மெஷின் 8 வாட் இழுத்தா ஒன்றரை மணி நேரம் தாங்கும். அந்த ரெண்டு எண்ணையும் கடைக்காரர் முன்னாடியே திறந்து காட்டி விலையைப் பேசுங்க.