எண்ணிட்டு வா

வணக்கம் நேயர்களே. மாணவர் பத்திரிகை என்றதும் பலருக்கும் கல்லூரி ஆண்டு மலர்தான் நினைவுக்கு வரும். முதல்வர் படம், விளையாட்டு விழாப் படம், நாலு கவிதை. நான் பேச வந்தது மாணவர்களே எழுதி, ஒட்டி, அச்செடுத்த கையெழுத்துப் பத்திரிகை, சுவர்ப் பத்திரிகை, சைக்ளோஸ்டைல் பத்திரிகை பற்றி. கூடவே, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்த ஆசிரியர்கள் பற்றி.

1976-ல் பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தேன். நம்ம பக்கத்துக் கல்லூரிகள் அப்போது மதுரைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. 1966-க்கு முன்னால் சென்னை. 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபோதுதான் நமக்கென்று ஒன்று அமைந்தது.

சைக்ளோஸ்டைலை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்டென்சில் வழியாக மையை இறக்கிப் படியெடுக்கிற இயந்திரம் அது. மெழுகு பூசிய ஸ்டென்சிலை டைப்ரைட்டரில் சொருகி, ரிப்பனை விலக்கிவிட்டு அடிக்கணும். தப்பு விழுந்தால் கரெக்‌ஷன் ஃப்ளூயிட் தடவி, ஊதி ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் மறுபடி அடிக்கணும். ஸ்டென்சில் விலைக்கு ஒன்றை வீணாக்க முடியாது. அதனால் எழுத்து முதலிலேயே சுத்தமாக இருக்கணும். அதற்குத்தான் எங்கள் தமிழ்ப் பேராசிரியரிடம் போவோம்.

அந்த வருஷம் விடுதியில் தண்ணீர்க் கஷ்டம். 'மாணவர் சமுதாயம் கொந்தளிக்கிறது' என்று இரண்டு பக்கத்துக்குத் தலையங்கம் எழுதினேன். சார் தன் வீட்டுத் திண்ணையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுசும் வாசித்தார்.

"எத்தனை குழாய் இருக்குல?"

"தெரியாது சார்."

"எத்தனையில தண்ணி வருது?"

"தெரியாது சார்."

"அப்பொ எதுக்குல கொந்தளிக்க? போ, எண்ணிட்டு வா."

மறுநாள் விடியக்காலம் நாலரைக்கு டார்ச் லைட்டோடு போனேன். மொத்தம் 14 குழாய். 5-ல் தண்ணீர் வந்தது. அதிலும் ஒன்றில் நூல் மாதிரி. அதன் அடியில் வாளியை வைத்தேன். கையில் வாட்ச் கிடையாது, நூறு நூறாக எண்ணினேன். வாளி நிறைய பதினோரு நூறு ஆனது. பின்னால் துண்டோடு நின்ற பையன்களும் சேர்ந்து எண்ணினார்கள்.

தலையங்கம் அரைப் பக்கமாகச் சுருங்கியது. 14, 5, பதினோரு நூறு. கொந்தளிப்பு போன இடம் தெரியவில்லை.

இதழ் வந்த அன்றைக்கே அலுவலகத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குக் கை நடுக்கம். சார் கூடவே வந்தார். "நான் வாசிச்ச பிறகுதான் போட்டான். கேக்கதை எங்கிட்ட கேளுங்க" என்றார். பத்து நாளில் குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தது. என் எழுத்தில் அவர் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. திரும்பவும் சொல்கிறேன், ஒரு சொல்லைக்கூட. எண்ணிட்டு வா என்றார். பிறகு என்னோடு வந்து நின்றார்.

நம்ம சீமைக்கு இது புதிதில்லை. தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திய நா. வானமாமலை 1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். இளைஞர்கள் கட்டுரை வாசிப்பார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். 1969-ல் அவர் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழில் அப்படி வளர்ந்தவர்களின் கட்டுரைகள் வந்தன. அந்தக் கூட்டங்களைப் பற்றி எனக்குச் சொன்னதும் சார்தான்.

பின்னாளில் நானும் ஆசிரியரானேன். கல்லூரிப் பத்திரிகைக்கு ஆயுசு மூன்று வருஷம், நடத்துகிற பையன் பட்டம் வாங்கியதும் படுத்துவிடும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் வைத்தேன்: இரண்டாம் வருஷம் நடத்தணும், முதல் வருஷம் கூட உட்காரணும், மூன்றாம் வருஷம் வாசித்துக் கேள்வி மட்டும் கேட்கணும். பத்திரிகை நின்றுபோகவில்லை.

வளாக வானொலி பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். 2004-ல் சென்னையில் தொடங்கிய அண்ணா பண்பலை, இதே நிலையத்து 'இளையபாரதம்' நிகழ்ச்சிக்கு நான் கூட்டிவந்த பிள்ளைகள்... கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கையெழுத்துப் பத்திரிகை கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் படித்த கல்லூரி நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். வணக்கம்.