குடிகாரர், சிறுவன், கால் ஊனமான கிழவர்

வணக்கம் நேயர்களே. வெஸ்டர்ன் படங்களை, நம்ம ஊர் வழக்கில் சொன்னால் கௌபாய் படங்களை, விரும்பிப் பார்க்கிற நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு சண்டையில் போய் நிற்கும். 1952இல் வந்த 'ஹை நூன்' பெரிதா, 1959இல் வந்த 'ரியோ பிராவோ' பெரிதா? இத்தாலிய வெஸ்டர்ன் இயக்குநர் செர்ஜியோ லியோனியின் ரசிகர்கள் முதலில் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள், அப்புறம் அவர்களும் இறங்கிவிடுவார்கள். இன்றைக்கு அந்தச் சண்டையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நான் எந்தக் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: 'ஹை நூன்'.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஹேட்லிவில் என்ற சின்ன ஊரின் மார்ஷல், அதாவது ஷெரிஃப் போன்ற காவல் அதிகாரி, வில் கேன். கேரி கூப்பர் நடித்தது. காலையில் கல்யாணம் முடிகிறது, வேலையையும் விட்டுவிடுகிறார். அந்த நேரம் பார்த்து, அவர் பிடித்துக் கொடுத்த ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி மதிய ரயிலில் வருகிறான் என்று தகவல் வருகிறது. ஸ்டேஷனில் அவனுக்காக மூன்று பேர் காத்திருக்கிறார்கள். படம் ஓடுவது மொத்தம் 85 நிமிடம். கதைக்குள்ளும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் கழிகிறது. சுவர்க் கடிகாரத்தைக் காட்டிக் காட்டியே இயக்குநர் ஃபிரெட் ஸின்னமன் நம்மைப் பதற வைக்கிறார். கேன் வீடு வீடாகப் போய்த் துணைக்கு ஆள் கேட்கிறார். ஒருவரும் வருவதில்லை.

இந்தப் படத்தின் உயிர் சர்ச் காட்சியில் இருக்கிறது என்பேன். கேன் உள்ளே போய் உதவி கேட்டதும் இரண்டு மூன்று பேர் உடனே எழுகிறார்கள். அதற்குள் ஒருவர், கொஞ்சம் பேசிவிட்டு முடிவு செய்யலாமே என்கிறார். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு விவாதம் நடக்கிறது. ஒவ்வொருவர் சொல்வதிலும் ஏதோ நியாயம் இருக்கிறது. கடைசியில் எழுந்து பேசுகிறவர் கேனின் நெருங்கிய நண்பர். மார்ஷலைப் புகழ்ந்து தள்ளுகிறார். நம் பக்கம் பேசுகிறார் என்று நிமிர்ந்து உட்காருகிறோம். வெளியூர்க்காரர்கள் இங்கே முதலீடு செய்ய யோசிக்கிற நேரத்தில் தெருவில் துப்பாக்கிச் சண்டை நடந்தால் ஊர் பெயர் கெட்டுவிடும், அதனால் நீ போய்விடுவதுதான் நல்லது என்று முடிக்கிறார். பஞ்சாயத்தோ, சங்கமோ, குடியிருப்போர் கூட்டமோ, ஏதாவது ஒன்றில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது.

இந்தப் படத்தை எழுதிய கார்ல் ஃபோர்மனும் அப்போது கேனைப் போலத் தனியாகத்தான் நின்றுகொண்டிருந்தார். படப்பிடிப்பு நடந்த 1951இல், கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழு அவரை விசாரணைக்கு அழைத்தது. முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். மற்றவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார். ஹாலிவுட் கதவுகள் மூடிக்கொண்டன, இங்கிலாந்துக்குப் போய்விட்டார். படம் இதைத்தான் சொல்கிறது என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. வெஸ்டர்ன் படங்களின் பெரிய நட்சத்திரம் ஜான் வேய்னுக்கும் புரிந்தது, பிடிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் கேரி கூப்பருக்குக் கிடைத்தபோது விழாவுக்கு வராத அவர் சார்பில் மேடை ஏறி வாங்கிக்கொண்டவர் இதே வேய்ன்தான்! 1971இல் ஒரு பேட்டியில் அவர் படத்தைத் திட்டியபோது, கடைசியில் கூப்பர் மார்ஷல் பேட்ஜைக் காலில் போட்டு மிதிக்கிறார் என்றார். படத்தில் அப்படி இல்லை. கழற்றி மண்ணில் எறிகிறார், அவ்வளவுதான். கோபம் ஞாபகத்தையும் மாற்றிவிடும் போலிருக்கிறது.

இயக்குநர் ஹவர்ட் ஹாக்ஸின் புகார் வேறு. ஒரு நல்ல ஷெரிஃப் ஊரெல்லாம் அலைந்து உதவி கேட்டுக்கொண்டிருப்பானா என்பது அவர் கேள்வி. அதற்குப் பதிலடியாக வேய்னை ஷெரிஃபாக வைத்து எடுத்த படம்தான் 'ரியோ பிராவோ'. இதில் ஷெரிஃப் யாரிடமும் கெஞ்சுவதில்லை. உதவ முன்வருகிறவர்களையும், குடும்பஸ்தர்கள், இந்தத் தொழில் தெரியாதவர்கள் என்று தள்ளி வைக்கிறார். அவரிடம் இருப்பவர்கள் குடியில் விழுந்த ஒரு பழைய உதவியாளர், நொண்டி நடக்கும் கிழவர், அப்புறம் சேர்ந்துகொள்ளும் ஒரு இளைஞன்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. 'ஹை நூன்' படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். ஒற்றைக் கண் குடிகாரர் ஒருவர் நானும் வருகிறேன் என்கிறார். கேன் காசு கொடுத்து அனுப்பிவிடுகிறார். பதினாலு வயதுப் பையன் ஒருவன் பதினாறு என்று பொய் சொல்லி வருகிறான், அவனையும் அனுப்பிவிடுகிறார். பழைய மார்ஷலான கிழவர் மூட்டுவலியைக் காட்டி, நான் உனக்குப் பாரமாகத்தான் இருப்பேன் என்கிறார். குடிகாரர், சிறியவன், உடம்பு ஒத்துழைக்காத கிழவர்! கேனால் வேண்டாம் என்று விடப்பட்ட அதே வகை மூன்று பேரை வைத்துத்தான் ஹாக்ஸ் தன் படத்தை ஜெயிக்க வைக்கிறார். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அவர் கொடுத்த பதில்களிலேயே பலமானது இதுதான். தொழில் தெரிந்தவன் பிச்சை கேட்கமாட்டான் என்ற வீராப்பை நான் ஏற்கவில்லை. கேட்டவர்கள் வரவில்லை, வந்தவர்களைக் கேன் சேர்க்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் எங்கள் கட்சியிடம் முழுப் பதில் இல்லை. பதினாலு வயதுப் பையனைச் சாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டுச் சமாளிப்போம்.

இரண்டு படங்களுக்கும் இசை டிமிட்ரி டியோம்கின். நல்ல மனிதர், இரண்டு கட்சியிலும் சாப்பிட்டிருக்கிறார்.

புதிய படங்களின் ரசிகர்கள் இதைக் கேட்டு, பழைய கதையாகவே பேசுகிறீர்களே என்பார்கள். சரி, 'த்ரீ டென் டு யூமா' எடுத்துக்கொள்வோம். 1957இல் ஒரு முறை, 2007இல் ஒரு முறை வந்த கதை. ஒரு ஏழை விவசாயி கொள்ளைக்காரனை ரயிலேற்ற வேண்டும். பழைய படத்தில் துணைக்கு வந்தவர்கள் பயந்து நழுவுகிறார்கள்; நிற்பவர் ஊர்க் குடிகாரர். புதியதில் கொள்ளைக் கூட்டம் தெருவில் நின்று, காவலுக்கு நிற்பவர்களைச் சுட்டால் ஆளுக்கு 200 டாலர் என்று அறிவிக்கிறது. ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு வந்துவிடுகிறார்கள். ஹேட்லிவில்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டதோடு நிறுத்தினார்கள். இவர்கள் கூலிக்குச் சுடுகிறார்கள். 1992இல் வந்த 'அன்ஃபர்கிவன்' படத்தில் ஊர் பயப்பட வேண்டிய ஆளே ஷெரிஃப்தான். ஐம்பதுகளின் படங்கள் மனிதர்களை அழகாகக் காட்டிவிட்டன என்று குறை சொல்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அவநம்பிக்கை 'ஹை நூன்' படத்திலேயே இருக்கிறது, பின்னால் வந்தவர்கள் விலையைத்தான் ஏற்றினார்கள்.

நாடு கடந்த ஃபோர்மன் அப்புறம் என்ன ஆனார்? 'பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' திரைக்கதையில் அவர் பங்கு உண்டு; இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கப்பட்ட அந்தப் படத்தின் டைட்டிலில் பெயர் வரவில்லை. 1969இல் ஒரு படம் எழுதித் தயாரித்தார். கிரிகரி பெக், ஓமர் ஷெரீஃப், பள்ளத்தாக்கு நிறையத் தங்கம். இந்தியாவில் திரும்பத் திரும்பத் திரையிடப்பட்ட 'மெக்கன்னாஸ் கோல்ட்'தான் அது. ஹாலிவுட் துரத்திய எழுத்தாளரின் படம் என்று தெரியாமலே எத்தனையோ பேர் விசிலடித்திருப்பார்கள்.

இரண்டையும் பார்க்காதவர்களுக்கு ஒரு யோசனை. 'ரியோ பிராவோ' இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேலே. ஞாயிறு மதியம், சாப்பிட்ட பிறகு சாவகாசமாகப் பாருங்கள். குடிகார உதவியாளராக வரும் டீன் மார்ட்டினும் இளைஞனாக வரும் ரிக்கி நெல்சனும் ஜெயிலுக்குள் பாடும்போது கதை எங்கேயும் நகராது, உங்களுக்கும் நகரத் தோன்றாது. 'ஹை நூன்' மறுநாள் பாருங்கள், முடிந்தால் யாரையாவது கூட வைத்துக்கொண்டு. படம் முடிந்ததும் சண்டை போட ஆள் வேண்டும். வணக்கம்.