புழுங்கல் அரிசியும் பரிசுக் கட்டுரையும்

மின்னல் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மூளை, நரம்பு அறிவியலின் வரலாறு பற்றிய மாணவர் கட்டுரைப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். படிவம் ஆறு மாணவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் எழுதியிருந்தார்கள். கட்டுரைக்குக் கட்டுரை ஃபினியஸ் கேஜ்தான் வந்தார். 1848இல், அமெரிக்காவின் வெர்மான்ட்டில், ரயில் பாதை வேலையின்போது இரும்புத் தண்டு கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியே வெளியேறியும் பிழைத்தவர். அவரை விட்டால் 1861இல் பாரிசில் மருத்துவர் ப்ரோக்கா பார்த்த, பேச்சிழந்த நோயாளி. நல்ல கதைகள்தாம். ஆனால் அவற்றைத் திருப்பிச் சொல்பவருக்குப் பரிசு கொடுக்க எனக்குக் கை வரவில்லை. வரலாற்றுக் கட்டுரை என்றால் எழுதுபவர் ஒரு பழைய ஆவணத்தைத் தாமே படித்து, அதை ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் கோலாலம்பூரிலேயே அப்படி ஓர் ஆவணம் பிறந்தது. மலாயாவில் அன்று பெரிபெரி பெரிய கொள்ளைநோயாக இருந்தது. கால் மரத்துப்போகும், தசை வலுவிழக்கும், சிலருக்கு உடம்பு வீங்கி இதயம் நின்றுவிடும். நரம்பைத் தாக்கும் நோய் அது. வெள்ளீயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்களை வாட்டியது. தோட்டத்துத் தமிழர்களை அனேகமாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல். (தமிழர்களை அது பெரிபெரியிலிருந்து காப்பாற்றியது, மலேரியாவுக்கு அவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தது வேறு கதை.)

1905 கடைசியில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் இதைச் சோதித்துப் பார்த்தார், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில். நோயாளிகளை வரிசையாக எண்ணி, ஒன்றுவிட்டு ஒருவராக இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குப் பச்சரிசி, மறு கூட்டத்துக்குப் புழுங்கல். கட்டடம்தான் நோயைத் தருகிறதோ என்ற சந்தேகம் வரக்கூடாது என்று நடுவில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றினார். பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் சாப்பிட்ட 123 பேரில் ஒருவர்கூட அந்நோயால் இறக்கவில்லை. 1907இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

காரணம் மட்டும் அப்போது பிடிபடவில்லை. கெட்டுப்போன அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று பிராடன் நம்பினார். உண்மையில் உள்ளே வந்தது நஞ்சில்லை. வெளியே போனதுதான் சிக்கல். நரம்பு செல்கள் சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுக்கத் தயமின் என்ற வைட்டமின் B1 வேண்டும். அது தவிட்டில் இருக்கிறது, தீட்டினால் போய்விடும். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது அதில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. 1926இல்தான் ஜாவாவில் ஆய்வாளர்கள் யான்செனும் டொனாத்தும் அதைப் பிரித்தெடுத்தார்கள். டச்சு மருத்துவர் ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது, அதே ஜாவாவில் கோழிகளை வைத்துச் செய்த பெரிபெரி ஆய்வுக்காக. ஃபிளெட்சரின் பெயரோ நம் பாடநூல் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியாது.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த 18 பேர் யார்? சம்மதம் கேட்கப்பட்டதா? கேட்டிருந்தாலும் விடுதியில் அடைபட்டவரின் 'சரி'க்கு என்ன பொருள்? பச்சரிசிக் கூட்டத்தில் சாவு தொடங்கிய பிறகும் சோதனையை நிறுத்தாமல் விட்டதை அந்தக் காலத்து மருத்துவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? ஃபிளெட்சரை வில்லனாக்கிவிடுவது சுலபம். அந்தச் சோதனைக்குப் பிறகு பிழைத்தவர்களின் எண்ணிக்கையையும் தராசில் வைத்துவிட்டு எழுதினால்தான் கட்டுரை நிற்கும்.

அடுத்த முறை எழுத நினைப்பவர்கள் முதலில் 1907ஆம் ஆண்டு லான்செட் கட்டுரையைத் தேடிப் படியுங்கள், சில பக்கங்கள்தான். பிறகு தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய் அக்காலத்து சிலாங்கூர் மருத்துவ அறிக்கைகளைக் கேளுங்கள். மருத்துவ ஆய்வுக் கழகம் 1900இல் கோலாலம்பூரில் தொடங்கியது. பெரிபெரி ஆய்வு அங்கும் நடந்திருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், அரிசி எங்கிருந்து வந்தது, யார் அளந்து போட்டார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கேஜ் பற்றித்தான் எழுதுவேன் என்பவர்களும் எழுதலாம், தடையில்லை. ஆனால் அவரைப் பார்த்த மருத்துவர் ஹார்லோ 1848இலும் 1868இலும் எழுதிய இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். வணக்கம்.