சோளகத்துக்குள்ள எங்கட ஃபிரிஸ்பி சீசன் | கிளிநொச்சி வ்லாக்

வணக்கம் எல்லாருக்கும். மைக்கில காத்து இரைஞ்சுகொண்டு கேக்கும், குறை நினைக்காதேங்கோ, பஞ்சு சுத்தியும் பாத்தன், சரிவரேல்ல. இண்டைக்கு நான் கதைக்க வந்ததே இந்தக் காத்தப் பற்றித்தான், அதால அதுவும் கேக்கட்டும்.

நான் நிக்கிறது கிளிநொச்சியில, எங்கட பிறக்டிஸ் கிறவுண்ட். போன ஞாயிற்றோட எங்கட லீக் முடிஞ்சுது. அஞ்சு டீம், நாங்கள், பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு, வவுனியா, ஒவ்வொரு டீமோடயும் ரெண்டு தரம், மொத்தம் எட்டு மட்ச். நாலு வெண்டு நாலு தோத்து மூண்டாவதா வந்திருக்கிறம். மூண்டாவதுக்கு ஏன் இவ்வளவு கதை எண்டு கேக்கிறாக்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கோ.

தெரியாத ஆக்களுக்குக் கெதியாச் சொல்லுறன். அல்டிமேட் ஃபிரிஸ்பி, பக்கத்துக்கு ஏழு பேர், நாங்கள் விளையாடுறது மிக்ஸ்ட், அதால நாலு பெடியள் மூண்டு பொம்பிளைப் பிள்ளையள், இல்லாட்டி மாறி. டிஸ்க், அதுதான் எறியிற அந்தத் தட்டு, 175 கிராம். பான்சிக் கடையில விக்கிறது இதைவிடப் பாரம் குறைவு, அது இந்தக் காத்துக்குப் பட்டம் மாதிரிப் போயிடும். டிஸ்க்கக் கையில வச்சுக்கொண்டு ஓடேலாது, நிண்ட இடத்திலயிருந்து எறியோணும், எதிராளி முன்னால நிண்டு பத்து வரைக்கும் எண்ணுவார், பத்துச் சொல்ல முதல் கையால விட்டிடோணும். கடைசிக் கோட்டுக்கு அங்கால இருக்கிற பெட்டிக்குள்ள எங்கட ஆள் பிடிச்சா பொயின்ட். எங்கட லீக்கில 11க்கு ஆர் முதல் வருகினமோ அவை வெற்றி. 1968ல அமெரிக்காவில நியூ ஜெர்சியில ஒரு ஸ்கூல் பெடியள் தொடங்கின விளையாட்டு இது. எங்கட மாமா ஒருத்தர் எப்ப பாத்தாலும் கேப்பார், இது ஒலிம்பிக்ல இருக்கோ எண்டு. மாமா, ஒலிம்பிக்ல இன்னும் விளையாடேல்ல, ஆனா 2015ல ஒலிம்பிக் கமிட்டி இதின்ர உலக சம்மேளனத்த முழுசா அங்கீகரிச்சிட்டுது, வீடியோ பாத்தா சொல்லுங்கோ.

சரி, காத்து. நாங்கள் வைகாசியில தொடங்கினது. முதல் கிழமையே வற்றாப்பளைப் பொங்கலுக்கெண்டு புதுக்குடியிருப்பு டீம் வரேல்ல, மட்ச் தள்ளிப்போச்சு, அது நியாயம்தானே, அம்மனுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அதுக்குப் பிறகு சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, பிடிச்சிட்டுது. வன்னியில இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல, வைகாசி ஆனியில தொடங்கினா புரட்டாதி மட்டும் புழுதியக் கிளப்பிக்கொண்டு நிக்கும். முன்காத்தில எறியேக்க டிஸ்க்கின்ர முன்விளிம்பு ஒரு நூல் உயந்தாக் காணும், காத்து அடியில பூந்து மேல தூக்கிப் பின்னுக்குக் கொண்டுவந்து விட்டிடும். பின்காத்தில எறிஞ்சா நினைச்சத விடத் தூரம் போகும், ஆனா சிலவேளை அமத்திக் கீழ போட்டிடும்.

இதில ஒரு கணக்கு இருக்கு, அது விளங்கத்தான் எங்களுக்கு மூண்டு மட்ச் போச்சு. பொயின்ட் போட்ட டீம் அந்தப் பக்கமே நிண்டு மற்றாக்களுக்கு எறிஞ்சு குடுக்கோணும். அப்ப நாங்கள் காத்தோட போய் ஒண்டு போட்டா, மற்ற டீமுக்கும் காத்தோட வாற வாய்ப்புத்தான் கிடைக்கும், அவையும் அதே பக்கம் போடுவினம், பிறகு நாங்கள், பிறகு அவை. எல்லாப் பொயின்ட்டும் கிறவுண்டின்ர ஒரே தலைப்பிலதான் விழும். ஆனா ஆரும் ஒருக்காக் காத்துக்கு எதிராப் போய் ஒண்டு போட்டிட்டினம் எண்டா, மற்ற டீமுக்கு இப்ப காத்து முகத்தில, அவை தவறவிட்டா திருப்பிக் காத்தோட ஒண்டு போடலாம். ஒண்டு போட்டா ரெண்டு மாதிரி. நாங்கள் முதல் மூண்டு மட்சும் இது விளங்காம நீட்டு நீட்டா எறிஞ்சு தோத்தம், மாங்குளத்தோட 11-3. அண்டைக்கு வரேக்க முறிகண்டியில பஸ் நிண்டது, எல்லாரும் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, ஒருத்தரும் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல.

எங்களுக்கு வழி சொன்னது எங்கட அம்மா.

அம்மா என்னத் தனிய விடமாட்டா, பெடியளோட சேந்து விளையாடுறது எண்டோண்ண அவவுக்குப் பயம், அதால பிறக்டிஸுக்குத் தானும் வந்து அந்த வேப்பமரத்துக்குக் கீழ இருப்பா. நாங்கள் அவவப் பெரிசா யோசிக்கிறேல்ல. ஒருநாள் நான் எறியிறதெல்லாம் திரும்பி வருது, தண்ணி குடிக்கப் போனன், அம்மா சொல்லுறா, "பிள்ளை, காத்து அடிக்கேக்க ஏன் எறியிறாய், ஓயேக்க எறியன்." நான் சொன்னன், "அம்மா, காத்து எங்க ஓயுது." அதுக்கு அவ, நெல்லுத் தூத்தேக்க நாங்கள் சுளகப் பிடிச்சபடி காத்து வரும் எண்டு நிக்கிறேல்லயோ, சோளகமும் மூச்சு எடுத்து எடுத்துத்தான் அடிக்கும், உந்தப் பனையக் கேள், ஓலை சலசலக்கிறது நிண்டா உனக்கு ரெண்டு மூண்டு எண்ணுற நேரம் இருக்கு எண்டா. நான் கண்ண மூடிக்கொண்டு கேட்டன். உண்மை. ஓலை கத்துது, கத்துது, பிறகு டக்கெண்டு அடங்குது.

எங்கட கப்டன் அக்கா முன்பள்ளி ரீச்சர், அவ கேட்டோண்ண அண்டைக்கே பிறக்டிஸ மாத்திட்டா. காத்துக்கு எதிரா நீட்டு எறியே இல்ல. அஞ்சு மீற்றர், ஏழு மீற்றர், பக்கத்தில நிக்கிறவருக்குக் குடு, திருப்பி வாங்கு, எதிராளி எண்ணுறதக் காதில வாங்கு, பனைய மற்றக் காதில வாங்கு, ஓய்ஞ்ச நேரம் முன்னுக்குத் தள்ளு. டிஸ்க்க இடுப்புக்குக் கீழ, நல்லாச் சுழட்டி. கை நோகும். கிரவலில விழுந்து விழுந்து டிஸ்க் விளிம்பு பல்லுப் பல்லா வரும், விரல வெட்டும், இங்க பாருங்கோ இந்த விரல். ஒவ்வொரு பிறக்டிஸ் முடியவும் சாண்ட் பேப்பரால உரஞ்சி வைப்பம், எங்களிட்ட மூண்டே மூண்டுதான் இருக்கு. அதால பத்தைக்குள்ள போனாலும் மனம் கேக்காது, ஆனா அங்கால ஆரும் பாயிறேல்ல, வன்னியில வளந்த பிள்ளையள் தெரியாத பத்தைக்குள்ள கால் வைக்காதுகள்.

அப்பிடி ரெண்டு மட்ச் வெண்டம். பிறகு வந்தது பரந்தன் மட்ச், அதச் சொல்லாம நான் இந்த வீடியோவ முடிக்கமாட்டன்.

10-9 நாங்கள் முன்னுக்கு. அவை காத்துக்கு எதிரா ஒண்டு போட்டு 10-10 ஆக்கிட்டினம். அடுத்தது ஆர் போடுகினமோ முடிஞ்சுது. எங்களுக்குக் காத்து முகத்தில. சின்னச் சின்னதாக் குடுத்துக் குடுத்து முழுக் கிறவுண்டும் ஏறிட்டம், எங்கட டீமில ஏஎல் படிக்கிற தம்பி ஒருத்தன் பாஞ்சு விழுந்து பிடிக்கிறான், எல்லாரும் கத்திக்கொண்டு உள்ளுக்கு ஓடுறம். அவன் எழும்பேல்ல, கையக் காட்டுறான். கோடு போட்ட சுண்ணாம்பக் காத்துக் கொண்டுபோட்டுது எண்டு அண்டைக்குக் கயிறுதான் இழுத்துக் கட்டினது. "அக்கா, குதிக்குக் கீழ கயிறு இருந்தது" எண்டான். கோட்டில கால் இருந்தா அது பொயின்ட் இல்ல. ஒருத்தரும் காணேல்ல. பரந்தன் பெடியனே, அவனக் காவல் காத்தவன், தான் காணேல்ல எண்டான். இந்த விளையாட்டில தீர்ப்புச் சொல்ல ரெஃபரி இல்ல, உலகப் போட்டியிலயும் ஆக்களே தங்களுக்குள்ள கதைச்சுத்தான் முடிவெடுக்கினம். எங்கட ஊர் வொலிபோல், ஃபுட்போல் மட்சில ரெஃபரியோட சண்டை பிடிச்சுப் பாதியில முடிஞ்சது எத்தின எண்டு உங்களுக்கே தெரியும். இங்க இவன் தன்ர குதிய நம்பிச் சொல்லுறான்.

அந்தக் கோட்டில இருந்தே திருப்பித் தொடங்கினம். அவனே எறிஞ்சான், பனை ஓயேல்ல, எண்ணுறது எட்டுக்கு வந்திட்டுது, டிஸ்க் எழும்பித் தலைக்கு மேலால போட்டுது. பரந்தன் எடுத்துக் காத்தோட ஒரே எறி. 10-11. அவன் அழுதான். எனக்குக் கோவம்தான் வந்தது, உண்மையச் சொல்லுறன், அவனோட அண்டைக்கு நான் கதைக்கேல்ல, அது பிழை, பிறகு அவன்ர வீட்ட போய்ச் சொல்லிட்டன். மட்ச் முடிய ரெண்டு டீமும் ஒருத்தருக்கொருத்தர் ஸ்பிரிட் புள்ளி, அதாவது விளையாடின பண்புக்குப் புள்ளி, போடுறது, அஞ்சு விசயம், ஒவ்வொண்டுக்கும் நாலு வரைக்கும். நேர்மைக்கு எங்களுக்கு நாலு விழுந்திருந்தது.

பிறகு ரெண்டு மட்ச், ரெண்டும் வெண்டம். கடைசி வவுனியாவோட, 11-8. பத்தாவது பொயின்ட் காத்துக்கு எதிரா. டிஸ்க் என்ர கையில, முன்னால நிண்ட அண்ணா எண்ணுறார், அஞ்சு, ஆறு, ஓலை கத்துது, ஏழு, அடங்கிச்சுது. விட்டன். புல்லுக்கு மேல ஒரு முழ உயரத்தில போய் அந்தத் தம்பியின்ர ரெண்டு கைக்குள்ள விழுந்தது. அவன் முதல் குனிஞ்சு கயிறப் பாத்தான். பிறகுதான் கத்தினான்.

இனி ஐப்பசி மழைக்கு இந்தக் கிறவுண்ட் தண்ணிக்க போயிடும், மாசி மட்டும் ஒண்டும் செய்யேலாது, அதுக்குள்ள புது டிஸ்க் தேடோணும். வெளிநாட்டில இருக்கிறாக்கள் 175 கிராம் டிஸ்க் பழசாக் கிடந்தாலும் வரேக்கக் கொண்டு வாங்கோ, விளிம்பு வெட்டுப்பட்டிருந்தாலும் பரவாயில்ல, நாங்கள் உரஞ்சுவம். அந்தா வேப்பமரத்தடியில அம்மா எழும்பிட்டா, நேரம் ஆறாகுது, நான் போட்டு வாறன்.