ஓவர்லுக் விடுதியின் பாய்லர்

வணக்கம் நேயர்களே.

சீசன் முடிந்த ஏற்காட்டில் பூட்டிக் கிடக்கும் பங்களாக்களைக் கவனிக்கிற வாட்ச்மேனுக்கு என்னென்ன வேலை இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடு நகர்ந்தால் சரிசெய்ய வேண்டும், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும், அறைகளைத் திறந்து காற்றாட விட வேண்டும். ஸ்டீபன் கிங் எழுதி 1977இல் வெளிவந்த 'தி ஷைனிங்' நாவலும் இப்படி ஒரு வேலையில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் கொலராடோ மலையில் ஓவர்லுக் என்றொரு விடுதி. பனிக்காலம் முழுக்க அதைக் காக்க ஜாக் டோரன்ஸ் தன் மனைவி வெண்டியோடும் மகன் டேனியோடும் வந்து சேர்கிறான். ஸ்டான்லி குப்ரிக் இதை 1980இல் படமாக்கினார். நாவலுக்கும் படத்துக்கும் நடுவே வித்தியாசங்கள் ஏராளம். என் கணக்கில் அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளைத்தவை: படம் ஜாக்கின் கையிலிருந்து வேலையை எடுத்துவிட்டது.

நாவலின் மூன்றாம் அத்தியாயத்தைப் பாருங்கள். வாட்சன் என்ற ஊழியர் ஜாக்கை நிலவறைக்கு அழைத்துப்போய்ப் பழைய பாய்லரைக் காட்டுகிறார். புதிதாக இருந்தபோது ஒரு சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு அழுத்தம் தாங்கும் என்று சான்று பெற்ற பாய்லர் அது. இப்போது அழுத்தமானி முள் 180ஐத் தொட்டால்கூடப் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்கிறார் வாட்சன். தானாக நிற்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. பகலில் இரண்டு முறை, படுக்கப் போகும் முன் ஒரு முறை என ஆள் இறங்கிப்போய் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மறந்தால் முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். நம் ஊர் அரிசி ஆலையிலோ சாயப்பட்டறையிலோ பாய்லர் பார்த்தவர்கள் இந்த அத்தியாயத்தைப் படித்தால் பேயே வராமலேயே வியர்த்துப்போவார்கள்.

அங்கிருந்து நாவலில் பயம் ஒவ்வொரு முறையும் ஒரு வேலையின் வழியாகத்தான் வருகிறது. கூரையில் ஓடு மாற்றும்போது குளவிக்கூடு கிடைக்கிறது. ஜாக் மருந்துப்புகை போட்டுக் குளவிகளைக் கொன்றுவிட்டு, காலிக் கூட்டை மகனுக்குக் கொடுக்கிறான். இரவில் அதிலிருந்து குளவிகள் வந்து பிள்ளையைக் கொட்டுகின்றன. நிலவறைக்குப் போய்வந்து கொண்டிருக்கும்போதுதான் விடுதியின் பழைய கதைகளை ஒட்டிவைத்த நோட்டுப் புத்தகம் கண்ணில் படுகிறது. அதற்குள் விழுந்தவன் வெளியே வருவதே இல்லை. தோட்டத்தில் மிருக வடிவில் வெட்டிவிட்ட செடிகளைக் கத்தரிக்கப் போகிறான். திரும்பிப் பார்த்தால் செடிச் சிங்கங்கள் இடம் மாறி நிற்கின்றன. ஜாக் குடியை விட்டவன், மாணவனை அடித்து ஆசிரியர் வேலையை இழந்தவன். ஒழுங்காக வேலை செய்து தன்னை நிமிர்த்திக்கொள்ளப் பார்க்கிற மனிதனை, அந்த வேலையைக் கொண்டே விடுதி கவிழ்க்கிறது. எனக்கு நாவலில் மிகவும் பிடித்தது இதுதான்.

படத்துக்கு வருவோம். ஜாக் நிக்கல்சன் நடித்த ஜாக் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறான். சுவரில் பந்தை எறிந்து பிடிக்கிறான். பாய்லர் அறை படத்திலும் வருகிறது, ஆனால் அங்கே முள்ளைப் பார்ப்பது வெண்டி. அந்த நோட்டுப் புத்தகமும் மேஜைமேல் திறந்து கிடக்கிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. இதன் விளைவு பெரியது. கடமையில் தவறிவிழும் அப்பா போய், முதல் காட்சியிலேயே பாதி பைத்தியமாகத் தெரிகிற ஒருவன் வந்துவிடுகிறான். கிங் இந்தப் படத்தை வெளிப்படையாகக் குறை சொல்லிவந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முடிவும் இதனால்தான் மாறுகிறது. நாவலில் கடைசியில் ஜாக் ஒரு கணம் தன்னிலைக்குத் திரும்பி, ஓடிப்போ என்று மகனிடம் சொல்கிறான். பிறகு அவன் உடலில் மிஞ்சியிருப்பது விடுதிதான். அப்பா மறந்தது பாய்லரை என்று டேனி அதற்கு நினைவூட்ட, அது நிலவறைக்கு ஓடுகிறது. நேரம் கடந்துவிட்டது, விடுதி வெடித்து எரிகிறது. சமையல்காரர் ஹாலரன் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொண்டுபோகிறார். படத்திலோ ஹாலரன் விடுதிக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் கோடரிக்குப் பலியாகிறார்; ஜாக் பனியில் உறைந்து சாகிறான்; விடுதி அப்படியே நிற்கிறது. இந்தக் கதையின் தொடர்ச்சியாக 2019இல் மைக் ஃபிளனகன் எடுத்த 'டாக்டர் ஸ்லீப்' படத்தில்தான் பாய்லர் தன் வேலையை முடிக்கிறது.

குப்ரிக் வெறுமனே எடுத்துவிடவில்லை, பதிலுக்கு ஒன்றைக் கொடுத்தார்: இடம். டேனி மூன்று சக்கர வண்டியில் வராந்தாக்களைச் சுற்றுகிற காட்சியை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாருங்கள். கேமராவை இயக்கிய காரெட் பிரவுன், நகரும்போதும் படம் குலுங்காமல் காக்கும் தன் ஸ்டெடிகேம் கருவியைத் தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் வைத்துப் பின்னாலேயே போகிறார். மரத்தரையில் சக்கரம் கடகடக்கிறது, கம்பளத்தில் ஏறியதும் சத்தம் அடங்குகிறது, மறுபடி கடகடக்கிறது. அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கும் என்று காது காத்துக்கிடக்கிறது. நாவலில் அழுத்தமானி முள் செய்வதை இங்கே திருப்பங்கள் செய்கின்றன. செடி மிருகங்களுக்குப் பதில் புதர்ச்சுவர்ப் புதிர்ப்பாதையை வைத்ததும் சரியான முடிவு. ஜாக் கத்தரிக்கப் போகும் இடத்தில் அந்த மிருகங்கள் நகர்வதை வாசகன் பார்ப்பதில்லை, நகர்ந்திருப்பதைத்தான் பார்க்கிறான். கிங்கே திரைக்கதை எழுதி 1997இல் தொலைக்காட்சிக்கு வந்த தொடரில் கணினி வரைகலையால் அவற்றை நடக்கவிட்டார்கள். நடந்ததும் பயம் போய்விட்டது.

நாவலில் பேய் நடமாடும் 217ஆம் எண் அறை படத்தில் 237 ஆனதற்குள் ரகசியம் தேடுகிறவர்கள் உண்டு. வெளிப்புறக் காட்சிகளுக்குப் பயன்பட்ட ஆரிகன் மாநிலத்து டிம்பர்லைன் லாட்ஜில் 217 என்று ஓர் அறை இருந்தது. விருந்தினர்கள் அதில் தங்கப் பயப்படுவார்கள் என்று விடுதியார் கேட்டுக்கொண்டதால், அங்கே இல்லாத எண்ணாக மாற்றினார்கள். அவ்வளவுதான்.

ஒப்பிட நினைப்பவர்கள் நாவலில் 3, 23, 25 ஆகிய அத்தியாயங்களையாவது முதலில் படித்துவிடுங்கள். படத்தைப் போடுமுன் அதன் நீளத்தைப் பாருங்கள். அமெரிக்கப் பிரதி 144 நிமிடம்; ஐரோப்பாவுக்காகச் சுருக்கிய பிரதி 119 நிமிடம். சுருக்கியதில் டேனியைப் பார்க்க டாக்டர் வரும் காட்சி இல்லை. நாவலில் ஜாக் குடிபோதையில் மகனின் கையை உடைத்தவன். படத்தில் அது தோள்மூட்டு இடம் பெயர்ந்ததாக மாறுகிறது. அதை வெண்டி தயங்கித் தயங்கி, கணவனை விட்டுக்கொடுக்காமல் டாக்டரிடம் சொல்வது அந்தக் காட்சியில்தான். அதைப் பார்க்காதவர்களுக்கு அந்தச் செய்தி வெகுநேரம் கழித்து, மதுக்கூடத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே நியாயம் பேசுகிற ஜாக்கின் வாயிலிருந்துதான் கிடைக்கும்.