நட்சத்திரம் போடாதவரின் ரசனையை அறிவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

2006 அக்டோபரில் அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஒரு போட்டியை அறிவித்தது. சுமார் 4,80,000 சந்தாதாரர்கள் 17,770 படங்களுக்கு இட்ட 10 கோடி நட்சத்திர மதிப்பீடுகளைப் பொதுவில் வைத்தது. ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவார் என்ற நெட்ஃபிளிக்ஸின் கணிப்பில் வரும் பிழையை 10 விழுக்காடு குறைப்பவருக்கு 10 லட்சம் டாலர். பரிசு கைக்கு வர 2009 செப்டம்பர் ஆயிற்று.

அங்கே பேர் வாங்கிய கணக்கு இதுதான். மொத்தச் சராசரி 3.6 என்று வையுங்கள். ஒரு படம் அதைவிட 0.5 கூடுதலாக வாங்குகிறது. நீங்களோ கறாரானவர், எதற்கும் 0.3 குறைத்தே போடுவீர்கள். ஆக, கணிப்பு 3.8. இதன்மேல் ஆளுக்கும் படத்துக்கும் ஐம்பதோ நூறோ எண்கள் கொண்ட வரிசை ஒவ்வொன்று உண்டு. இரண்டையும் நேருக்கு நேர் பெருக்கிக் கூட்டினால் தனி ரசனையின் பங்கு கிடைக்கும். தொடக்கத்தில் அது ஏறக்குறைய சுழிதான்.

நீங்கள் 5 போட்டால் பிழை 1.2. அந்தப் பிழை குறையும் திசையில், அதில் 0.005 மடங்கு போல மிகச் சிறு பங்களவே இந்த எண்களை நகர்த்துவார்கள். பெரிதாக நகர்த்தினால் கடைசியாக வந்த மதிப்பீடு பழைய பாடத்தை அழித்துவிடும். எண்கள் வீங்காமல் கடிவாளமும் வேண்டும். இல்லாவிட்டால் நாலே படம் பார்த்தவர் விஷயத்தில், உருப்போட்ட மாணவன்போல, தெரிந்த கேள்விக்கு மட்டும் கணக்கு சரியாக விடை சொல்லும்.

ஆனால் நட்சத்திரம் போடுபவர் எத்தனை பேர்? 2017இல் நெட்ஃபிளிக்ஸே அதைக் கைவிட்டு, பிடித்தது, பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லும் கட்டைவிரல் குறிக்கு மாறியது. பார்த்த நேரம், பாதியில் நிறுத்தியது, இவையே இன்று பெரிய சான்று. யூடியூப் 2012இலேயே பார்வை எண்ணிக்கையைவிடப் பார்த்த நேரத்துக்கு முதலிடம் கொடுத்தது. ஏமாற்று முகப்புப் படத்துக்கும் சொடுக்கு விழுமல்லவா!

சிக்கல் பார்க்காத படத்தில்தான். பிடிக்கவில்லையா, கண்ணிலேயே படவில்லையா? 2008இல் வந்த ஓர் ஆய்வு இதை அழகாகத் தீர்த்தது. பார்க்காததற்கு விருப்பம் 0, ஆனால் அந்த 0 மீது வைக்கும் நம்பிக்கை வெறும் 1. ஒருமுறை முழுக்கப் பார்த்தால் விருப்பம் 1, நம்பிக்கை 41.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. பரிந்துரைப் பட்டியலின் உச்சியில் இருப்பதை மக்கள் எப்படியும் சொடுக்குவார்கள். அமைப்பு அதை விருப்பம் என்று படித்து மறுபடி உச்சியில் வைக்கும். இந்தச் சுழலை உடைக்க, சிலருக்கு மட்டும் வரிசையைக் கலைத்துக் காட்டி, இடத்தால் எத்தனை சொடுக்கு விழுகிறது என்று அளந்து, அதற்கேற்ப எடையைக் குறைப்பார்கள்.

ஒரே சந்தாவில் பாட்டியும் பேரனும் பார்க்கும் வீட்டில் இவ்வளவு கணக்கும் குழம்பும். ஆளுக்கொரு சுயவிவரம் திறந்துகொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.