இலவசப் பல் வைத்தியத்துக்கு ஆகும் செலவு

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரியில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "அரசு ஆஸ்பத்திரியில் பல் பிடுங்க எவ்வளவு கேட்பார்கள்?" என்று இன்றும் சந்தையில் நிறுத்திக் கேட்கிறார்கள். ஓ.பி. சீட்டுக்குக் கட்டணமில்லை. சொத்தைப் பல்லை எடுப்பது, அடைப்பது, காறை நீக்கிச் சுத்தம் செய்வது எல்லாம் இலவசம்தான். இதற்கு வருமானச் சான்று எதுவும் வேண்டியதில்லை.

ஆனால் செலவே இல்லை என்று சொன்னால், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சேரம்பாடிக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அங்கிருந்து கூடலூருக்கு ஒரு பஸ். மேல்சிகிச்சைக்கு உதகைக்கு எழுதிக் கொடுத்தால் நடுவட்டம் வழியே இன்னும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2024-இல் மலைக்கும் வந்தது. அதுவும் சாதாரணக் கட்டண பஸ்களில்தான். சரி, டிக்கெட்டை விடுங்கள். அன்றைய கூலியை யார் தருவது?

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்து அம்மா ஒருவர், கன்னம் வீங்கி, கடைவாயில் கிராம்பை அதக்கிக்கொண்டு வந்தார். விரல் நுனியெல்லாம் தேயிலைக் கொழுந்துக் கறை. அந்தப் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் வேர் சிகிச்சை ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. மூன்று நான்கு முறை வர வேண்டியிருக்கும். "எடுத்துவிடுங்கள் டாக்டரம்மா, ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் போய்விடும்" என்றார். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு, அந்த நாள் கூலி. எடுத்தேன். நல்ல வேருள்ள பற்களை இப்படி நிறைய எடுத்திருக்கிறேன். ஏழைகளுக்குப் பல்லின் அருமை தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் கணக்குத் தெரிந்துதான் எடுக்கச் சொல்கிறார்கள்.

அடுத்தது காப்பீட்டு அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வரம்பு கிடையாது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் அந்த அட்டையோடு தனியார் கிளினிக்கில் போய்ப் பல் அடைக்கச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது படுக்கையில் சேர்த்துச் செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கானது. விபத்தில் தாடை உடைந்தால், வாயில் புற்றுநோய் வந்தால் கைகொடுக்கும். வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லுகிறவர்கள் குறிப்பாகக் கேளுங்கள்: வாயில் ஒரு புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். வலிக்காத புண்ணைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

ஹோட்டல், கடை, தொழிற்சாலைகளில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பல் சிகிச்சையும் அதில் அடக்கம், குடும்பத்தாருக்கும் உண்டு.

பல் செட் கேட்கும் பெரியவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா அரசு மருத்துவமனையிலும் கட்டித் தருவதில்லை. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, கடலூர் மாவட்டம், புதுக்கோட்டை என்று நமக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. மேற்கு மாவட்டங்களுக்கு ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

புறப்படும் முன் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கு போன் செய்து விவரம் கேளுங்கள். பல்லை எடுக்க வெறும் வயிற்றோடு வராதீர்கள். கஞ்சியாவது குடித்துவிட்டு வாருங்கள். ஊசி போட்டதும் மயங்கி விழுந்தவர்களில் பெரும்பாலோர் பட்டினியாக வந்தவர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழு பிள்ளைகளின் பல்லையும் பார்க்கிறது. சொத்தை இருந்தால் மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள்; சிகிச்சையும் இலவசம். அந்தச் சீட்டு பெரும்பாலும் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். இன்று ராத்திரி பையை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். வணக்கம்.